ட்ரியர் நகரில் ரோமைப் படித்தபோது

ஆதிக் கிறிஸ்தவம், ரோமப் பேரரசின் சரிவு, இடைக்கால ஐரோப்பா. பாடத்திட்டத்தில் இவை மூன்றும் தனித்தனி அலகுகள். படிப்பவருக்கு ஒன்று முடிந்த பிறகு அடுத்தது தொடங்கியதாகத்தான் தோன்றும். எனக்கு இவை மூன்றையும் ஒரே ஊரில், ஒரே சமயத்தில் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அப்படிப் படித்ததில் கைவந்த சில பழக்கங்கள், இந்தக் காலத்தைப் படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

ஊரின் பெயர் ட்ரியர். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், மோசல் ஆற்றங்கரையில் இருக்கிறது. என் கணவருக்கு லக்சம்பர்க்கில் வேலை. அங்கே வாடகை கட்டுப்படியாகாது என்பதால் எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருந்துகொண்டு தினமும் போய்வருபவர்கள் ஏராளம். நாங்களும் அப்படித்தான் வந்து சேர்ந்தோம். தூத்துக்குடியில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியிருந்த எனக்கு, இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பார்வையாளர் மாணவியாக உட்கார இடம் கிடைத்தது. தேர்வு கிடையாது, பட்டமும் கிடையாது. பக்கத்து இருக்கைகளில் பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். மதிப்பெண் கவலை இல்லாதவர்கள் கேட்கும் கேள்விகள் எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

293இல் ரோமப் பேரரசை நான்கு பேர் பங்கிட்டு ஆளத் தொடங்கியபோது, மேற்கின் இளைய ஆட்சியாளரான கான்ஸ்டான்டியஸ் ட்ரியரைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்டார். அவருடைய மகன் கான்ஸ்டன்டைன் 306இல் ஆட்சிக்கு வந்தபின் சுமார் பத்தாண்டுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் ஆண்டார். அவருடைய அரசவை மண்டபம் இன்றும் நிற்கிறது. 67 மீட்டர் நீளம், 33 மீட்டர் உயரம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. பேரரசரின் முன் கைகட்டி நிற்பவருக்குத் தான் எவ்வளவு சிறியவர் என்று தெரியவேண்டும் என்றே கட்டியிருக்கிறார்கள். இப்போது அது புராட்டஸ்டன்ட் தேவாலயம். ஞாயிறு காலையில் அங்கே ஆராதனை நடக்கிறது.

ஆதிக் கிறிஸ்தவத்தைப் படிக்க எனக்குப் பெரிதும் கைகொடுத்த பழக்கம் மிக எளியது. நோட்டுப் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்வேன். இடப்பக்கம் நிகழ்ச்சி நடந்த ஆண்டு. வலப்பக்கம் அதைச் சொல்லும் எழுத்து தோன்றிய ஆண்டு. பவுலடிகளார் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதங்கள் 50களைச் சேர்ந்தவை. நற்செய்தி நூல்களில் மூத்தது என்று அறிஞர்களில் பெரும்பாலோர் கருதும் மாற்கு நற்செய்தி, எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட 70ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது. புதிய ஏற்பாட்டைத் திறந்தால் நற்செய்திகள் முன்னால் இருக்கின்றன, பவுலின் கடிதங்கள் பின்னால். எழுதப்பட்ட வரிசையோ வேறு. 64இல் ரோம் எரிந்த பழியை பேரரசர் நீரோ கிறிஸ்தவர்கள்மேல் சுமத்தியதைச் சொல்லும் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், அதை எழுதியது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து. இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்ததும் கேள்விகள் தாமாக வரும்: இடையில் என்ன நடந்தது, எழுதியவருக்கு யார் சொன்னார்கள், யாருக்காக எழுதினார்?

இந்தப் பழக்கத்தின் முழுப் பலன் கான்ஸ்டன்டைனிடம் வந்தபோது தெரிந்தது. வானத்தில் சிலுவையைக் கண்டு கிறிஸ்தவரானார் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். நோட்டில் கோடு போட்டு எழுதினால் மூன்று வரிகள் வருகின்றன. 310இல் இதே ட்ரியரில், கான்ஸ்டன்டைனின் முன்னிலையில் ஒரு புகழுரை வாசிக்கப்பட்டது. கால் (Gaul, இன்றைய பிரான்சுப் பகுதி) நாட்டுக் கோயில் ஒன்றில் அப்போலோ அவருக்குக் காட்சி தந்து வெற்றி மாலைகளை நீட்டியதாக அதில் வருகிறது. 312 அக்டோபரில் ரோமுக்கு வெளியே மில்வியன் பாலத்துப் போர். அது முடிந்த சில ஆண்டுகளுக்குள் எழுதியவர் லாக்டான்டியஸ். கான்ஸ்டன்டைனின் மூத்த மகனுக்கு ஆசிரியராக இருந்தவர். அவர் சொல்வது ஒரு கனவு: போருக்கு முந்தைய இரவில் கனவில் வந்த கட்டளைப்படி கேடயங்களில் கிறிஸ்துவின் குறியை வரையச் செய்தார் என்கிறார். பட்டப்பகலில், சூரியனுக்கு மேலே, படையே பார்க்கத் தெரிந்த ஒளிச்சிலுவை வருவது ஆயர் யூசேபியஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றில். அது கான்ஸ்டன்டைன் 337இல் இறந்த பிறகு எழுதியது. இதற்கிடையில், போருக்குப் பிறகும் சில ஆண்டுகள் ட்ரியர் நாணயச்சாலை சூரியக் கடவுளின் உருவம் பொறித்த காசுகளை அடித்துக்கொண்டுதான் இருந்தது. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் காசுகளைப் பார்க்கலாம்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, மறைக்கல்வி வகுப்புகளில் வளர்ந்தவள். பூசையில் நாங்கள் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் வேர் 325இல் கான்ஸ்டன்டைன் கூட்டிய நிசேயா சங்கத்தில் இருக்கிறது. இன்று சொல்லும் வடிவம் 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கத்தோடு சேர்ந்தது. இப்படிப்பட்ட ஆண்டுகளையும் முரண்பாடுகளையும் தோண்டினால் நம்பிக்கை ஆட்டம் காணுமோ என்று என்னோடு படித்த ஒரு மூதாட்டி கேட்டார். எனக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறு. ஒரு மனிதர் கோயிலில் அப்போலோவையும், பிறகு கனவில் கிறிஸ்துவையும் கண்டு, தயங்கித் தயங்கி வந்து, மரணப் படுக்கையில்தான் திருமுழுக்குப் பெற்றார் என்பது, ஒரே நொடியில் மாறியவரைவிட எனக்கு அருகில் இருக்கிறது. நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, இந்தப் பாடத்தைப் படிப்பவர் சாட்சிகளை அவரவர் ஆண்டில் நிறுத்திப் பார்க்கவேண்டும். பிறகு எந்த முடிவுக்கு வந்தாலும் அது அவருடைய சொந்த முடிவாக இருக்கும்.

இரண்டாவது பழக்கம்: விளக்கத்தைப் படிக்குமுன் மூலத்தைப் படிப்பது, அதுவும் சின்ன மூலமாகப் பார்த்து. ஆதிக் கிறிஸ்தவத்துக்கு ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருக்கிறது என்றால், இளைய பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தையும் டிராஜனின் பதிலையும் படியுங்கள். ஆண்டு ஏறத்தாழ 112. இரண்டும் சேர்ந்து மூன்று நான்கு பக்கம்கூட வராது. ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பிளினி அப்போது இன்றைய துருக்கியின் வடக்கில் இருந்த பித்தினியா-பொந்துஸ் மாகாணத்தின் ஆளுநர். கிறிஸ்தவர் என்று குற்றம் சாட்டி ஆட்களைக் கொண்டுவருகிறார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் மேலிடத்துக்கு எழுதுகிறார். பெயரே குற்றமா, அல்லது அந்தப் பெயரோடு சேர்ந்த செயல்கள் குற்றமா? விசாரித்ததில் கிடைத்ததையும் சொல்கிறார்: குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பிறகு கலைந்துபோய் மறுபடி கூடிச் சாதாரண உணவு உண்கிறார்கள். இது உண்மைதானா என்று அறிய, சபையில் பணிவிடைப் பொறுப்பில் இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாக ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே போகிறார். அந்தப் பெண்களின் பெயர் அவருக்குத் தேவைப்படவில்லை. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக வெகுநேரம் பிடித்தது. 112ஆம் ஆண்டளவில் ஒரு சபையில் அடிமைகள் பொறுப்பில் இருந்தார்கள், பெண்கள் இருந்தார்கள் என்பதற்கு, அவர்களைத் துன்புறுத்தியவரே சாட்சி.

டிராஜனின் பதில் சுருக்கமானது. தேடிப் போகாதே, யாராவது கொண்டுவந்து நிரூபித்தால் தண்டி, நம் தெய்வங்களை வணங்கிக் காட்டினால் விட்டுவிடு, பெயரில்லாத புகார்களை ஏற்காதே. ரோமப் பேரரசு மூன்று நூற்றாண்டுகள் இடைவிடாமல் கிறிஸ்தவர்களை வேட்டையாடியது என்ற எண்ணத்தை இந்தச் சில வரிகளே திருத்திவிடுகின்றன. பேரரசு முழுவதற்குமான ஆணைகள் பின்னால்தான் வருகின்றன. 249 கடைசியில் பேரரசர் டெசியஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்று பெறவேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சான்றுச் சீட்டுகள் சில எகிப்திய மணலில் பிழைத்துக் கிடைத்திருக்கின்றன. “எப்போதும் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டுச் சுவைத்தேன்” என்ற பொருளில் ஒரே அச்சில் வார்த்த வாசகம். பிறகு 303 முதல் பேரரசர் டயோக்ளீஷியனின் பெருந்துன்புறுத்தல். 311இல் பேரரசர் கலேரியஸ் அதை நிறுத்தி ஆணை பிறப்பித்தார். 313இல் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த மிலான் உடன்பாடு. 380இல் பேரரசர் தியோடோசியஸ் நிசேயா விசுவாசத்தைப் பேரரசின் குடிகளுக்குரிய நெறியாக அறிவித்தார்.

இங்கே ட்ரியர் ஒரு கசப்பான பாடம் வைத்திருக்கிறது. 385ஐ ஒட்டி, ஸ்பெயின் நாட்டு ஆவிலாவின் ஆயரான பிரிசில்லியன் இந்த ஊரில் தலை வெட்டப்பட்டார். குற்றப்பத்திரிகையில் இருந்தது சூனியம். பின்னணியில் இருந்தது கொள்கைப் பகை. குற்றம் சாட்டியவர்கள் அவரைப் போன்ற ஆயர்கள். தீர்ப்பை நிறைவேற்றியவர் கிறிஸ்தவப் பேரரசரான மாக்னுஸ் மாக்சிமுஸ். கலேரியஸின் ஆணைக்கும் இதற்கும் இடையே ஒரு மனித ஆயுள் அளவுதான் இடைவெளி. ஆனால் இதை வைத்து ‘அதிகாரம் வந்ததும் திருச்சபை மாறிவிட்டது’ என்று ஒரே வரியில் எழுதி முடித்தால் அதுவும் அரைகுறை. துர் நகரின் ஆயர் மார்ட்டின் ட்ரியருக்கே வந்து, இரத்தம் சிந்தவேண்டாம், சபைக் காரியத்தை அரச நீதிபதி விசாரிப்பது முறையல்ல என்று பேரரசரிடம் மன்றாடினார். அவர் ஊரில் இருந்தவரை தண்டனை தள்ளிப்போனது. அவர் போனபின் நிறைவேறியது. மிலான் ஆயர் அம்புரோசும் அந்தக் குற்றம் சாட்டிய ஆயர்களோடு உறவு வைக்க மறுத்தார். விடைத்தாளில் ‘திருச்சபை செய்தது’ என்று எழுதவரும்போதெல்லாம், திருச்சபையில் யார், எதிர்த்தவர் யார் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி ரோமின் வீழ்ச்சி. என் அக்கா மகள் திருநெல்வேலியில் இளங்கலை வரலாறு படிக்கிறாள். ஒருநாள் வாட்ஸ்அப்பில் அழைத்தாள்.

“சித்தி, ரோம் வீழ்ச்சிக்குக் காரணம் என்னன்னு பத்து மார்க் கேள்வி. கைடுல பன்னெண்டு காரணம் போட்டுருக்கு. எதை எழுத?”

“பன்னெண்டையும் கொஞ்சம் தள்ளி வை. விழுந்தது எதுன்னு முதல்ல எழுது. அரசாங்கமா, பட்டாளமா, வியாபாரமா, மொழியா, கோயிலா?”

“எல்லாம் சேர்ந்துதான விழுந்துது?”

“இல்லம்மா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்துல, ஒவ்வொரு ஊர்ல.”

அலெக்சாந்தர் டேமாண்ட் என்ற ஜெர்மன் வரலாற்றறிஞர், ரோமின் வீழ்ச்சிக்கு அறிஞர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த காரணங்களைத் தொகுத்து 1984இல் வெளியிட்டார். மொத்தம் 210. காரணங்களின் பட்டியல் நீள்வதால் புரிதல் கூடிவிடாது என்பதற்கு அந்த எண்ணிக்கையே போதும். விழுந்தவற்றைப் பிரித்துக் கேட்டால் காரணங்கள் தத்தம் இடத்தில் போய் உட்காருகின்றன.

மேற்குப் பேரரசர் பதவியை எடுத்துக்கொண்டால், 476இல் இத்தாலியில் இருந்த ஜெர்மானியத் தளபதி ஓடோவாக்கர் சிறுவன் ரோமுலுஸ் அவுகுஸ்துலுசை இறக்கிவிட்டு, அரச சின்னங்களைக் கான்ஸ்டான்டிநோபிளுக்கு அனுப்பிவைத்தார். முன்பு துரத்தப்பட்ட பேரரசர் யூலியுஸ் நேபோஸ் 480 வரை டல்மேஷியாவில் உயிரோடுதான் இருந்தார். கிழக்கில் ரோமப் பேரரசர் என்ற பெயரோடே 1453 வரை ஆண்டார்கள். ஆக 476 ஒரு பதவியின் முடிவு, அதுவும் மேற்கில்.

படையும் வரியும் வேறு கதை, அதுதான் எனக்கு மையமாகப் படுகிறது. ரோமின் படைக்குச் சம்பளம் பெரும்பாலும் நில வரியிலிருந்து. ஒரு மாகாணம் கைவிட்டுப் போனால் அதன் வரி போகும். வரி போனால் படை சுருங்கும். படை சுருங்கினால் அடுத்த மாகாணத்தைக் காக்க முடியாது. 376இல் கிழக்கிலிருந்து வந்த நாடோடிகளான ஹூணர்களுக்கு அஞ்சி, ஜெர்மானியக் குடியினரான கோத் மக்கள் டான்யூபைத் தாண்டி அடைக்கலம் கேட்டார்கள். அதிகாரிகளின் கொடுமையால் அது கிளர்ச்சியாகி, 378இல் அட்ரியானோபிள் போரில் பேரரசர் வாலென்ஸ் உயிரிழந்தார். 406 கடைசியில் வாண்டல்கள், ஆலன்கள், சுவேபியர்கள் என்ற குடிகள் ரைன் நதியைத் தாண்டினார்கள். வாண்டல்கள் ஸ்பெயின் வழியாக 429இல் ஆப்பிரிக்கா போய், 439இல் இன்றைய துனீசியாவில் இருந்த கார்த்தேஜைப் பிடித்தார்கள். மேற்கின் தானியமும் வரியும் மிகுதியாக வந்துகொண்டிருந்த இடம் அது. அதை மீட்கக் கிழக்கின் கருவூலத்தையே வழித்து 468இல் அனுப்பிய கப்பற்படை தோற்றது. என்னைக் கேட்டால் மனத்தில் பதிக்கவேண்டிய ஆண்டு 439. 476 அதன் விளைவு.

வணிகத்தைப் பற்றிப் படிக்கையில் நம் பக்கத்துச் சேதி ஒன்றும் எதிர்ப்பட்டது. 408இல் கோத்துகளின் தலைவர் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது, விலகிப் போகக் கேட்டு வாங்கியவற்றில் 5,000 ராத்தல் தங்கம், 30,000 ராத்தல் வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகும் இருந்ததாக வரலாற்றாசிரியர் சோசிமுஸ் எழுதிவைத்திருக்கிறார். ரோம ராத்தல் சிறியது. ஆனாலும் கிட்டத்தட்ட ஒரு டன். முசிறித் துறைமுகத்தின் பொற்காலம் முடிந்து வெகுகாலம் ஆகியும், சேர மலைகளின் மிளகு ஒரு முற்றுகையை விலக்கும் பேரத்தில் எடை போடப்பட்டிருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து, 410 ஆகஸ்டில், அலாரிக் நகரத்தைக் கொள்ளையடிக்கவே செய்தார்.

சாதாரண மக்களுக்கு எது விழுந்தது என்று கேட்டால், பேரரசர்களின் பட்டியலை மூடிவைத்துவிட்டு ஓட்டையும் சட்டியையும் பார்க்கவேண்டும். பிரிட்டனில் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சக்கரத்தில் வனைந்த மட்பாண்டமும் சில்லறைக் காசும் ஏறக்குறைய மறைந்தே போயின. ஓடு வேய்ந்த கூரை ஒரு காலத்தில் குடியானவன் வீட்டிலும் தொழுவத்திலும்கூட இருந்தது; பிறகு மேற்கின் பல பகுதிகளில் வசதியானவர்களுக்கும் கூரை வீடுதான். ரோமின் வீழ்ச்சி என்று ஒன்று இல்லவே இல்லை, எல்லாம் மெதுவான மாற்றம்தான் என்று சொல்லும் எழுத்துகளைப் படிக்கும்போது எனக்கு இந்த ஓடுகள் நினைவுக்கு வரும். மழை ஒழுகாத கூரையை இழப்பது வெறும் மாற்றம் இல்லை. அதே சமயம் ட்ரியருக்கு வடகிழக்கே, மலைகளுக்கு அப்பால் இருக்கும் மாயன் என்ற ஊரின் குயவர்கள் ரோமர் காலத்திலிருந்து இடைக்காலம்வரை சூளையை அணையவிடவில்லை. நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தொழில் பிழைக்கிறது, கடலுக்கு அப்பால் அதே தொழில் அழிகிறது. ‘ஐரோப்பாவில்’ என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் எழுதுமுன் எந்தப் பகுதி என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

ட்ரியருக்கு நேர்ந்ததைச் சொல்லும் சாட்சி சால்வியான் என்ற குரு. 440களில் மார்செய்யில் இருந்து எழுதினார். ட்ரியர் திரும்பத் திரும்பச் சூறையாடப்பட்டதையும், தெருவில் நாயும் பறவையும் கிழித்த ஆண் பெண் உடல்களைத் தன் கண்ணால் பார்த்ததையும் எழுதுகிறார். அதற்குப் பிறகும் உயிர் தப்பிய பெருங்குடிமக்கள் பேரரசரிடம் கேட்டது தேர்ப் பந்தயம்தான் என்று கொதிக்கிறார். உடல்களைப் பற்றிய வரிகளை நம்புகிறேன். பந்தயம் பற்றிய வரியைப் படிக்கையில் ஒன்றை மறக்கக் கூடாது: அவர் எழுதியது வரலாறு அல்ல, மக்கள் மனம் திரும்பவேண்டும் என்பதற்கான பிரசங்கம். அவரே இன்னொரு இடத்தில், வரிக்கொடுமை தாங்காமல் ஏழைகள் ரோம ஆட்சியை விட்டுக் கோத்துகளிடம் ஓடிப் போவதாகச் சொல்கிறார். வரி பற்றி மேலே சொன்னதன் மறுபக்கம் அது. பணக்காரர் தப்பித்துக்கொள்ள, சுருங்கிய அரசின் பாரம் இருந்தவர் தலையில் விழுந்தது.

400ஐ ஒட்டி மேலதிகாரிகள் தெற்கே ஆர்ல் நகருக்குப் போய்விட்டார்கள். போகாமல் இருந்தவர் ஆயர். இடைக்காலத்தின் தொடக்கத்தை நான் புரிந்துகொண்டது அந்த ஒரு விஷயத்திலிருந்துதான். 6ஆம் நூற்றாண்டு ட்ரியர் ஆயர் நிசெத்தியுஸ், சிதைந்த பேராலயத்தைத் திருப்பிக் கட்ட இத்தாலியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். மோசல் கரையில் அவருக்கு ஒரு கோட்டை இருந்தது; சரிவில் திராட்சைத் தோட்டம், கீழே தண்ணீரில் ஓடும் மாவு ஆலை, மேலே கல்லெறியும் பொறி என்று கவிஞர் வெனான்சியுஸ் ஃபோர்துனாதுஸ் பாடுகிறார். ஆலை, படை, கோயில் மூன்றும் ஒரே ஆள் கையில். ரோமருக்குப் பின் இங்கே ஆண்ட ஜெர்மானியரான பிராங்க் அரசர்களையே சபைவிலக்கம் செய்தவர் அவர். அதற்காக நாடு கடத்தப்பட்டுத் திரும்பியும் வந்தார். பிற்காலத்தில் 1356இன் பொன் ஆணை, ஜெர்மன் அரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் ட்ரியர் பேராயரையும் ஒருவராக வைத்தபோது, அதற்கு எண்ணூறு ஆண்டு அடித்தளம் இருந்தது.

மொழியும் உடனே போய்விடவில்லை. அருங்காட்சியகத்தில் கல்லறைக் கற்கள் வரிசையாக இருக்கின்றன. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே தொடக்கக் காலக் கிறிஸ்தவக் கல்வெட்டுகள் மிகுதியாகக் கிடைத்த ஊர் இது. “இங்கே அமைதியில் துயில்கிறார்” என்று லத்தீனில் தொடங்கும். வயது இருக்கும், கல்லை வைத்தவர் தாயா, தகப்பனா, கணவனா என்று இருக்கும். புறா, மயில், கிண்ணம் செதுக்கியிருப்பார்கள். ஆட்சி பிராங்குகளுக்குப் போன பிறகும் இந்தக் கற்கள் நிற்கவில்லை. எழுத்து கோணுகிறது, இலக்கணம் தளர்கிறது, ஜெர்மானியப் பெயர்கள் கலக்கின்றன. இரண்டு வயதுக் குழந்தையின் கல் எந்த நூற்றாண்டு என்றாலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

இடைக்காலத்தைக் கட்டடத்திலிருந்து படிக்கும் முறை ஒன்றையும் சொல்கிறேன். பழைய கட்டடத்தின் முன் நின்றால் எப்போது கட்டினார்கள் என்று மட்டும் கேட்காமல், இது ஏன் பிழைத்தது என்றும் கேளுங்கள். ட்ரியரின் வடவாசலான போர்ட்டா நீக்ரா 170ஐ ஒட்டிக் கட்டியது. சாந்து இல்லாமல் கல்லோடு கல்லை இரும்புப் பட்டையால் இறுக்கியிருந்தார்கள். இன்று கிட்டப் போய்ப் பார்த்தால் கற்களின் இணைப்பில் எல்லாம் பொத்தல்; இடைக்காலத்தில் இரும்புக்காகவும் ஈயத்துக்காகவும் குடைந்து எடுத்திருக்கிறார்கள். மற்ற மூன்று நகர வாசல்களும் கல்லுக்காகவே பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டன. இது மட்டும் தப்பியதற்குக் காரணம் ஒரு துறவி. சிராகூசில் பிறந்து, கான்ஸ்டான்டிநோபிளில் படித்து, சினாய் மலை மடத்தில் வாழ்ந்து, கடைசியில் ட்ரியர் வந்த சிமியோன், 1030ஐ ஒட்டி இந்த வாசலின் கோபுரத்தில் தன்னை உள்ளே வைத்து அடைத்துக்கொண்டு 1035இல் இறந்தார். பேராயர் பொப்போ வாசலையே அவர் பெயரில் மேலும் கீழுமாக இரண்டு தேவாலயங்களாக மாற்றினார். தேவாலயத்தை யாரும் பெயர்க்கமாட்டார்கள் அல்லவா. 1804இல் நெப்போலியன் ஆணையிட்டுப் பிற்சேர்க்கைகளை நீக்கச் செய்தார். இடைக்காலத்தவர் உலகம் தெரியாமல் ஊருக்குள் அடைந்து கிடந்தார்கள் என்று யாராவது சொன்னால் சிமியோன் போய்வந்த ஊர்களை வரைபடத்தில் கோடு இழுத்துக் காட்டுங்கள்.

கட்டடம்போலவே நூலும். ட்ரியர் நகர நூலகத்தின் கருவூலத்தில் 800ஐ ஒட்டி எழுதிய ஆடா நற்செய்தி ஏடு இருக்கிறது. சார்லிமேன் காலத்துக்குரிய தெளிவான சிற்றெழுத்து. நாம் இன்று அச்சில் பார்க்கும் ரோமன் சிற்றெழுத்தின் மூதாதை அது. அதன் அட்டையில் பதித்திருக்கும் செதுக்கு மணி கான்ஸ்டன்டைன் குடும்பத்தைக் காட்டும் ரோம வேலைப்பாடு. நமக்குக் கிடைத்திருக்கும் பழைய லத்தீன் இலக்கியத்தில் பெரும்பங்கு, 9ஆம் நூற்றாண்டுத் துறவிகள் இந்த எழுத்தில் படியெடுத்ததால் பிழைத்தது.

இருண்ட காலம் என்று ஒதுக்கக் கூடாது என்று சொல்கிறேன் என்பதால் ஒளிமயமாகவும் ஆக்கிவிடக் கூடாது. 1096இல் முதலாம் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கூட்டங்கள் ரைன், மோசல் பகுதி யூதர்களைத் தாக்கின. ட்ரியர் யூதர்கள் பேராயரிடம் அடைக்கலம் புகுந்தார்கள். முதலில் காத்த பேராயர், கூட்டத்தின் நெருக்குதல் முற்றியதும் திருமுழுக்குப் பெற்றால்தான் காக்க முடியும் என்று கையை விரித்தார். பலர் கட்டாயத்தால் பெற்றார்கள், சிலர் உயிரைவிட்டார்கள். இதை எபிரேய மொழிக் குறிப்புகளில் படிக்கவேண்டும், மடத்துக் குறிப்புகளில் மட்டும் படித்தால் போதாது. மறு ஆண்டு பேரரசர் நான்காம் ஹென்றி, கட்டாயத்தால் மாறியவர்கள் தங்கள் மதத்துக்குத் திரும்பலாம் என்று அனுமதித்தார் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

நிலமானிய முறை பற்றி ஒரு சொல். மேலே அரசர், கீழே பிரபுக்கள், அதற்கும் கீழே வீரர்கள், அடியில் பண்ணையாட்கள் என்ற முக்கோணப் படத்தைத் தேர்வுக்கு வரையுங்கள், தவறில்லை. ஆனால் வரலாற்றறிஞர்களான எலிசபெத் பிரவுன் 1974இலும் சூசன் ரெனால்ட்ஸ் 1994இலும், அந்தப் படம் பிற்காலச் சட்டவல்லுநர்கள் தொகுத்துக் கட்டியது, ஊருக்கு ஊர் நிலைமை வேறு என்று வலுவாக வாதிட்டதைக் கீழே இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

ட்ரியருக்கு வந்துதான் இப்படிப் படிக்கவேண்டும் என்பதில்லை. ஏதாவது ஓர் ஊரைத் தேர்ந்துகொண்டு, அதை முதல் நூற்றாண்டிலிருந்து பதினைந்தாம் நூற்றாண்டுவரை பின்தொடர்ந்தால் போதும். ராவென்னா, யார்க், அந்தியோக்கு, அலெக்சாந்திரியா எல்லாவற்றுக்கும் அருங்காட்சியகப் படங்களும் மூலங்களின் மொழிபெயர்ப்பும் கைபேசியிலேயே கிடைக்கின்றன. பத்து நாடுகளைப் பத்து வரியில் படிப்பதைவிட இது மனத்தில் நிற்கும். தேர்விலும் மேற்கோள் காட்டத் துல்லியமான எடுத்துக்காட்டு கையில் இருக்கும்.

அக்கா மகள் கார்த்தேஜை எடுத்துக்கொண்டாள். 203இல் கைக்குழந்தையோடு சிறையில் இருந்து நாட்குறிப்பு எழுதிய பெர்பெத்துவா, 258இல் தலை வெட்டப்பட்ட ஆயர் சிப்ரியான், 411இல் டொனாட்டிஸ்டுகள் என்ற பிரிந்துபோன ஆப்பிரிக்கச் சபையினரும் கத்தோலிக்கரும் நேருக்கு நேர் மோதிய மாநாடு, 439இல் வாண்டல்கள், 533இல் கிழக்குப் பேரரசர் ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியுஸ், 698இல் அரபுப் படை என்று இடப்பக்கம் நிரப்பிவிட்டாள். வலப்பக்கம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறாள். போன வாரம் அவளுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறேன்: வாண்டல்கள் பிடித்த பிறகும் வட ஆப்பிரிக்காவின் சிவப்பு மெருகு மட்பாண்டம் 7ஆம் நூற்றாண்டுவரை மத்தியதரைக் கடல் துறைமுகங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. வரி நின்றது, வியாபாரம் நிற்கவில்லை. அப்படியென்றால் கார்த்தேஜில் விழுந்தது எது?